குறையாத பொருளும் குறையும் பங்கும்

1

திருட்டு என்னும் சொல்லுக்கு நாம் வழக்கமாகக் கொள்ளும் பொருள் மிக எளிமையானது. ஒருவரிடம் உள்ள பொருளை அவரது இசைவின்றி மற்றொருவர் எடுத்துக்கொள்கின்றார். எடுத்தவரிடம் பொருள் இருக்கின்றது, இழந்தவரிடம் இல்லை. இழப்பு இல்லையாயின் திருட்டும் இல்லை என்றே நாம் இயல்பாக எண்ணுகின்றோம். இன்றைய பல்கலைக்கழக மாணவர் நாள்தோறும் செய்யும் இரு காரியங்களை இவ்விலக்கணத்தோடு பொருத்திப் பார்ப்போமாயின், நாம் எதிர்பாராத முரண்பாடு ஒன்று வெளிப்படும்.

முதலாவது காரியம் இது. நூலகத்தில் ஒரேயொரு பிரதி மாத்திரம் உள்ள நூலொன்றை மாணவர் ஒருவர் கைப்பேசியிலே பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் கோப்பாக்கி வட்ஸ்அப் குழுவில் இடுகின்றார். அறுபது பேர் அதனைப் பெறுகின்றனர். நூலகத்தின் பிரதி இருந்த தட்டிலேயே இருக்கின்றது. எவருடைய கையிலிருந்தும் எதுவும் பறிபோகவில்லை. ஆயினும் சட்டம் இதனை உரிமை மீறலாகக் கொள்ளக்கூடும். உலக வழக்கோ இதனைத் திருட்டுப் பிரதி என்கின்றது.

இரண்டாவது காரியம். இரவு எட்டு மணி. விடுதியிலுள்ளோர் யாவரும் ஒரே வைஃபை இணைப்பைப் பயன்படுத்துகின்றனர். ஒருவர் மூன்று கிகாபைற் அளவான திரைப்படத்தைத் தரவிறக்கம் செய்யத் தொடங்குகின்றார். அடுத்த அறையிலே மற்றொருவர் நள்ளிரவுக்கு முன் ஒப்படைக்கவேண்டிய ஒப்படையை அனுப்ப முயல்கின்றார். பக்கம் திறக்க மறுக்கின்றது. இங்கே ஒருவரது பங்கு மெய்யாகவே குறைந்துவிட்டது. ஆயினும் இதனைத் திருட்டு என்று எவரும் கூறுவதில்லை. பாதிக்கப்பட்டவர்கூட, இணைப்பு மோசம் என்று சலித்துக்கொள்வாரேயன்றி, தன் பங்கை ஒருவர் எடுத்துக்கொண்டார் என்று எண்ணுவதில்லை.

பொருள் குறையாத இடத்திலே திருட்டு என்கின்றோம். பங்கு குறையும் இடத்திலே வாய்மூடி இருக்கின்றோம். இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது, இவ்விரு காரியங்களிலும் நமது உண்மையான கடமை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

உடைமை பற்றிய நீதி எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினாவுக்கு, 18 ஆம் நூற்றாண்டின் ஸ்கொத்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் தெளிவான விடையொன்றை அளித்தார். 1751 இல் வெளிவந்த ஒழுக்கவியல் நூலிலே அவர் கூறுவதன் சாரம் இதுதான்: வேண்டியவை யாவும் வேண்டிய அளவு எல்லோர்க்கும் கிடைக்குமாயின், எனது உனது என்னும் வேறுபாட்டுக்கே இடமில்லை. காற்றை எவரும் தமதென்று வேலியடைப்பதில்லை. பொருள் அருமைப்படும் இடத்திலேதான் பங்கீடு வேண்டப்படுகின்றது. பங்கீட்டிலிருந்தே நீதி பிறக்கின்றது.

ஹியூமுக்கு முன்னர் ஜோன் லொக் உடைமைக்கு வேறோர் அடிப்படை வகுத்தார். பொதுவிலுள்ள பொருளோடு ஒருவர் தமது உழைப்பைக் கலக்கும்போது அது அவருடையதாகின்றது. ஆயின் ஏனையோர்க்கும் போதிய அளவு, அதே தரத்தில் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது அவர் இட்ட நிபந்தனை. ஒன்று அருமையையும் மற்றையது உழைப்பையும் அடிப்படையாகக் கொண்ட இவ்விரு கொள்கைகளும் நமது ஆய்வுக்கு இரு அளவுகோல்களாக அமைகின்றன.

ஹியூமின் அளவுகோலை முதலிற் பயன்படுத்துவோம். எண்ணத்தையும் எழுத்தையும் பொறுத்தவரை அருமை என்பது இயற்கையானதன்று. கல்வி கொடுக்கக் குறையாத செல்வம் என்பது நம்மவர் சிறுவயதிலேயே கற்கும் பாடம். அமெரிக்க அரசியலறிஞர் தோமஸ் ஜெபர்சன் 1813 இல் எழுதிய கடிதமொன்றிலே, ஒருவரின் விளக்கிலிருந்து மற்றொருவர் தமது விளக்கை ஏற்றுவதால் முன்னவரின் ஒளி மங்குவதில்லை என்னும் உவமையால் இதனையே விளக்கினார். அச்சுக்கூடமும் தாளும் மையும் வேண்டியிருந்த காலத்தில் இவ்வுண்மை ஓரளவு மறைந்திருந்தது. நூலின் கருத்து குறையாததாயினும், அதனைத் தாங்கும் தாள் குறையும் பொருளாகவே இருந்தது. கணினிக் கோப்பு அத்தாளையும் இல்லாததாக்கிவிட்டது.

படியெடுத்தல் இழிசெயல் என்னும் எண்ணம் நமது மரபில் இருந்ததில்லை. பனையோலை ஏடு சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் எவரோ ஒருவர் அதனைப் பெயர்த்தெழுதியிராவிடின் பழந்தமிழ் நூல்களுள் ஒன்றுகூட நமக்குக் கிட்டியிராது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அவர் கையிலிருந்தவை பெயர் தெரியாத பலர் எழுதிய படிகளே. யாரிடமும் அனுமதி பெறாது அவர்கள் செய்த அப்பணியை நாம் தொண்டு என்றே போற்றுகின்றோம்.

ஒரு நூல் ஓரிடத்தில் மாத்திரம் இருப்பதன் விளைவையும் நாம் அறிவோம். 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாதிருந்தவை மீளாதவையாயின. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளைப் படியெடுத்து எவரும் கட்டணமின்றி வாசிக்க வைத்திருப்பதன் பெறுமதியை உணர்வதற்கு இந்நினைவு ஒன்றே போதும். படியெடுத்தல் சில வேளைகளில் உரிமை மீறலாகலாம். சில வேளைகளில் அதுவே ஒரு சமூகத்தின் உயிர்காப்பும் ஆகும்.

3

அவ்வாறாயின் பதிப்புரிமை என்பது எதனைக் காக்கின்றது? 1710 இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டமே நவீன பதிப்புரிமையின் தொடக்கம் எனப்படுகின்றது. அதன் தலைப்பே கல்வியை ஊக்குவித்தற்கான சட்டம் என்பதாகும். புதிய நூலின் ஆசிரியருக்கு அது வழங்கிய உரிமை 14 ஆண்டுகள். ஆசிரியர் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டுகள். நூலைச் சமூகத்துக்கு ஈந்தவருக்குச் சமூகம் குறித்த காலத்துக்கு வழங்கிய சலுகையே அது. நமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அக்காலம் ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளுமாகும். சலுகையாகத் தொடங்கியது காலப்போக்கிலே சொத்தாக உருமாறியமையை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

ஆயினும் சட்டம்கூட இதனை முற்றிலும் திருட்டோடு சமப்படுத்தவில்லை. 1985 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் டௌலிங் என்பவரின் வழக்கிலே, அனுமதியின்றிப் படியெடுக்கப்பட்ட இசைத்தட்டுகளைத் திருடப்பட்ட பொருள்கள் பற்றிய சட்டத்தின் கீழ்க் கொண்டுவர இயலாது எனத் தீர்த்தது. உரிமை மீறல் வேறு, பொருளைக் கவர்தல் வேறு என்பதே அதன் சாரம். நமது 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் கற்பித்தல், ஆய்வு, திறனாய்வு ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. பயன்பாட்டின் நோக்கம், நூலின் தன்மை, எடுக்கப்பட்ட பகுதியின் அளவு, நூலின் விற்பனைக்கு நேரும் விளைவு என்பவற்றை நோக்கியே நியாயம் எது என்பது தீர்மானிக்கப்படும்.

தில்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ஒளிப்பிரதிக் கடையொன்றின் மீது பெரும் வெளியீட்டு நிறுவனங்கள் 2012 இல் வழக்குத் தொடுத்தன. பாடநெறிக்குரிய பகுதிகளைத் தொகுத்து மாணவர்க்குப் பிரதி செய்து விற்றமையே குற்றச்சாட்டு. 2016 இல் தில்லி மேல் நீதிமன்றத்தின் தனி நீதியரசர் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதே ஆண்டில் மேன்முறையீட்டு அமர்வு சில வினாக்களை மீள விசாரிக்கப் பணித்ததாயினும், கல்விக்கான பிரதியெடுப்பு சட்டத்துக்கு உட்பட்டது என்னும் அடிப்படையை ஏற்றுக்கொண்டது. 2017 இல் வெளியீட்டாளர்கள் வழக்கைக் கைவிட்டனர். மறுபுறம், கசகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்கியன் 2011 இல் தொடங்கிய சை-ஹப் என்னும் தளம் கோடிக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளை எவர்க்கும் இலவசமாக வழங்கியமைக்காக, 2017 இல் அமெரிக்க நீதிமன்றமொன்று எல்சவியர் நிறுவனத்துக்கு 15 மில்லியன் டொலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. கற்பதற்காகப் படியெடுத்தல் என்னும் ஒரே வகைச் செயல், இடத்துக்கும் அளவுக்கும் ஏற்ப இருவேறு தீர்ப்புகளைப் பெற்றுள்ளது. எனவே சட்டத்தின் சொல்லை மாத்திரம் கொண்டு அறத்தின் வினாவுக்கு விடை காண இயலாது.

4

படியெடுப்பவர் தம்மை நியாயப்படுத்தக் கூறும் வாதங்கள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, எவர்க்கும் எதுவும் குறையவில்லை என்பது. இரண்டு, எப்படியும் இதனை நான் விலைகொடுத்து வாங்கியிருக்கமாட்டேன் என்பது. மூன்று, வெளியிட்டவர் ஏற்கெனவே செல்வந்தர் என்பது. சை-ஹப் விடயத்தில் இம்மூன்றும் பெருமளவு பொருந்துகின்றன. ஆய்வுக் கட்டுரையை எழுதியவருக்கு வெளியீட்டாளர் பொதுவாகப் பணம் கொடுப்பதில்லை; அதனை மதிப்பீடு செய்யும் சக ஆய்வாளரும் பெரும்பாலும் ஊதியமின்றியே உழைக்கின்றார். எழுதியவர் விரும்புவது தமது கட்டுரை வாசிக்கப்படுவதையே. லொக்கின் அளவுகோலை இட்டால், உழைத்தவர் ஒருவர், வேலியடைத்தவர் வேறொருவர்.

அதே வாதங்களை நம்மூர் எழுத்தாளர் ஒருவரின் நூலுக்குப் பொருத்தும்போது நிலைமை மாறிவிடுகின்றது. இதனை எனது அனுபவத்தினால் அறிந்தேன். நான் மாணவனாயிருந்த காலத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொந்தப் பணத்தில் அச்சிட்ட திறனாய்வு நூலொன்றை நண்பரிடம் இரவல் பெற்று, பரீட்சைக்கு முந்திய வாரத்தில் கைப்பேசியிலே படம்பிடித்து எங்கள் குழுவுக்கு அனுப்பினேன். அனைவரும் நன்றி கூறினர். பொதுநலத் தொண்டு செய்துவிட்டதாகவே நான் மகிழ்ந்தேன்.

சில மாதங்களின் பின் அவரைச் சந்திக்க நேர்ந்தது. அவர் வீட்டு முன்னறையிலே கட்டவிழ்க்கப்படாத நூற்கட்டுகள் சுவரோரமாக அடுக்கப்பட்டிருந்தன. மனம் பொறாது நான் செய்ததைக் கூறினேன். அவர் கோபிக்கவில்லை. நான் அனுப்பிய கோப்பைக் காட்டும்படி கேட்டார். மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு பொறுமையாகப் பார்த்தார். "இதிலை ரண்டு பக்கம் இல்லை, தம்பி" என்றார். மெய்தான். அவசரத்தில் இரண்டு பக்கங்களை ஒருங்கே புரட்டிவிட்டேன். ஓர் அத்தியாயத்திலே அவர் எதிராளியின் வாதத்தை முதலில் முழுமையாக எடுத்துரைத்து, பின்னர் அதனை மறுத்திருந்தார். மறுப்பு இருந்த பக்கங்களே விடுபட்டவை. அவர் எதனை மறுத்தாரோ அதனையே அவரது கொள்கையாக எங்களிற் பலர் பரீட்சையில் எழுதியிருந்தோம்.

அவர் இறுதியாகக் கூறியது இன்றும் என் மனத்தில் நிற்கின்றது. "வாசிச்சியள் எண்டது எனக்குச் சந்தோசம்தான். ஆனா இந்தக் கட்டுகள் போகாட்டி அடுத்ததை அச்சடிக்க எனக்கு வழியில்லை." அதன் பின் அவரது நூல் எதுவும் வெளிவரவில்லை. எங்கள் அறுபது பிரதிகளால்தான் அது நேர்ந்தது என்று நான் கூறவரவில்லை. அந்நூற்கட்டுகளுக்கு எங்கள் கோப்பைத் தவிர வேறு பல காரணங்களும் இருந்திருக்கும். ஆயினும் எவர்க்கும் எதுவும் குறையவில்லை என்று அன்றிலிருந்து என்னாற் கூற முடியவில்லை. குறைந்தது இருக்கின்ற பொருளன்று. இனி வரக்கூடியதாயிருந்த பொருள்.

இங்கேதான் திருட்டு என்னும் சொல்லின் போதாமை வெளிப்படுகின்றது. நான் அவரிடமிருந்து எதனையும் எடுக்கவில்லை. அவருக்கு இறுக்கவேண்டிய கடனை இறுக்கவில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு தவறுகள். முன்னதற்குப் பரிகாரம் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தல். பின்னதற்குப் பரிகாரம் வாசியாமல் இருப்பதன்று. வாசித்தவர் தம்மால் இயன்ற வழியில் எழுதியவரின் உழைப்பைத் தாங்குதல். அறுபது பேரில் இருபது பேர் ஒரு பிரதி வாங்கியிருக்கலாம். அல்லது மூவர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கியிருக்கலாம். இயலாதோர் நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் தமது கட்டுரைகளிற் குறிப்பிட்டிருக்கலாம். படியெடுப்பவர்க்கு மேலும் ஒரு கடன் உண்டு. ஏடு பெயர்த்தெழுதியோர் ஒரு வரி விடுபட்டாலும் அதனைப் பெருங்குறையாகக் கருதினர். குறையாத பொருளைக் குறைத்துப் பெருக்குதல் ஆசிரியருக்கும் வாசகருக்கும் ஒருங்கே இழைக்கும் தீங்காகும்.

5

இனி, நாம் திருட்டு என்று கூறத் துணியாத இரண்டாவது காரியத்துக்கு வருவோம். இணையத்தின் தரவு என்பது களஞ்சியத்தில் உள்ள நெல்லைப் போன்றதன்று. ஒருவர் பயன்படுத்திய கிகாபைற் உலகிலிருந்து மறைந்துவிடுவதில்லை. மெய்யாகவே அருமையானது ஒரு கணத்தில் ஓர் இணைப்பின் வழியே செல்லக்கூடிய அளவாகும். அதாவது, அருமை குளத்தில் அன்று, வாய்க்காலில் உள்ளது. மாலை ஏழு மணிக்கு ஊர் முழுவதும் இணையத்திலிருக்கும்போது அவ்வாய்க்கால் நெருக்கடிக்கு உள்ளாகின்றது. அதிகாலை மூன்று மணிக்கு வெறுமையாக ஓடுகின்றது.

யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணறுகளை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. ஒரு கிணற்றில் பல தோட்டக்காரருக்குப் பங்குண்டு. இன்ன நாள் இன்னாருடைய இறைப்பு முறை என்னும் ஒழுங்கும் உண்டு. துலாவால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே ஓர் எல்லையாக நின்றது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை அகன்றது. வலிய இயந்திரத்தை உடையவர் அயலவரின் பங்கையும் இறைத்துவிட முடிந்தது. ரொறன்ட் முதலான கோப்புப் பகிர்வு முறைகள் ஒரே வேளையில் பல இணைப்புகளைத் திறந்து தரவை இழுக்கின்றன. பொது இணைப்பொன்றிலே ஒவ்வோர் இணைப்புக்கும் ஏறத்தாழ ஒரே அளவு இடம் கிடைக்குமாயின், ஓர் இணைப்பைத் திறந்தவரை விட முப்பது இணைப்புகளைத் திறந்தவர் பன்மடங்கு பெறுகின்றார். விடுதி அறையிலுள்ள அம்மென்பொருள் பங்குக் கிணற்றில் இறக்கப்பட்ட இயந்திரமே.

தரவு எல்லை இந்நோய்க்கு மருந்தாகக் கூறப்படுகின்றது. மாதத்துக்கு இத்தனை கிகாபைற் என்று வரையறுப்பதால் பேராசை அடங்கும் என்பர். இதில் உண்மை ஒரு பாதியே. நெருக்கடி நேரத்தில் இழுத்த ஒரு கிகாபைற்றும் வெறுமையான நேரத்தில் இழுத்த ஒரு கிகாபைற்றும் அயலவர்க்கு ஒரே விளைவை உண்டாக்குவதில்லை. மாத எல்லை இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகின்றது. நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்துக்கெனத் தனி அளவு வழங்கும் பொதிகள் இவ்வுண்மையை ஓரளவு ஏற்றுக்கொள்கின்றன. ஆயின் அவற்றின் சுமை எவர்மீது விழுகின்றது? வாய்க்காலின் கடைசியில் வயலுள்ள விவசாயி இரவில் விழித்திருந்து நீர் பாய்ச்சுவது போல, பணமில்லாத மாணவரே விரிவுரைக் காணொளியைத் தரவிறக்கம் செய்ய நள்ளிரவு வரை விழித்திருக்கின்றார். பணமுள்ளவர் எந்நேரமும் இறைக்கின்றார்.

எல்லை என்பது இயற்கையின் விதியன்று, மனிதர் செய்த ஒழுங்கு என்பதை 2020 ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. பெருந்தொற்றினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ண் எனப்படும் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பின் வழியே நடைபெற்ற இணைய விரிவுரைகளுக்குத் தரவுக் கட்டணம் அறவிடாதிருக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணங்கின. வேலி அகற்றப்பட்டது. அதே காலத்தில் அலைவரிசை எட்டாத ஊர்களிலே மாணவர் பாறைகளிலும் மரங்களிலும் ஏறி விரிவுரை கேட்டனர். அகற்றக்கூடிய தடை எது, மெய்யான தடை எது என்பதை இவ்விரு காட்சிகளும் ஒருங்கே உணர்த்தின.

பொதுப் பொருளை எவரும் தமது நலன் கருதியே பயன்படுத்துவர், ஆதலின் அது அழிந்தே தீரும் என்று கரெட் ஹாடின் 1968 இல் வாதித்தார். எலினோர் ஒஸ்ட்ரம் 1990 இல் வெளியிட்ட நூலிலே இக்கூற்றை உலகின் பல பகுதிகளிலுள்ள நீர்ப்பாசன, மீன்பிடிச் சமூகங்களின் சான்றுகளோடு மறுத்தார். அவர் எடுத்துக்காட்டியவற்றுள் நமது கல்லோயாவும் ஒன்று. 1980 களின் தொடக்கத்திலே கல்லோயா இடதுகரையில் விவசாயிகள் சிறு குழுக்களாகக் கூடித் தாமே முறை வகுத்தபோது, நீர் குறைந்த காலத்திலும் மேல்மடைச் சிங்கள விவசாயிகள் கடைமடைத் தமிழ் விவசாயிகளுக்கு நீர்விட்ட வரலாறு உண்டு. இனப்பகை முற்றிய ஆண்டுகளில் நிகழ்ந்தது அது. எவரது மானியும் எவரது கட்டணமும் அதனைச் செய்யவில்லை. கடைமடையில் இருப்பவர் யார் என்பதை மேல்மடையில் இருப்பவர் அறிந்திருந்தமையே அதனைச் செய்தது.

6

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நாம் தொடக்கத்தில் எழுப்பிய முரண்பாடு ஒரு குழப்பத்தின் விளைவே என்பது புலனாகும். குறையாத பொருளையும் குறையும் பொருளையும் ஒரே சொல்லால் அளக்க முயன்றதே அக்குழப்பம். குறையும் பொருளில் அறம் என்பது பங்கீடு. அங்கே கேட்கவேண்டிய வினா, நான் எவரது பங்கைக் குறைக்கின்றேன் என்பது. குறையாத பொருளில் அறம் என்பது கடன் இறுத்தல். அங்கே கேட்கவேண்டிய வினா, நான் எவரது உழைப்பின் மீது நிற்கின்றேன், அவ்வுழைப்பு நாளையும் தொடருமா என்பது.

முதல் வினாவைக் கேட்பவர் திரைப்படத்தை அதிகாலைக்கு ஒத்திவைப்பார்; அதற்குச் சட்டம் வேண்டியதில்லை. இரண்டாவது வினாவைக் கேட்பவர் உலகப் பெருநிறுவனத்தின் வேலிக்குள் அடைபட்ட கட்டுரையையும் அயலூர் ஆசிரியரின் முன்னறையில் அடுக்கப்பட்ட நூலையும் ஒன்றென எண்ணமாட்டார். இவ்விரு வினாக்களையும் நமக்காக எந்த மென்பொருளும் எந்தத் தரவுப் பொதியும் கேட்கப்போவதில்லை.

அவ்வாசிரியரின் நூலில் ஒரு பிரதியைப் பின்னர் விலைகொடுத்து வாங்கினேன். விடுபட்ட இரு பக்கங்களையும் படம்பிடித்து, பழைய குழுவில் எஞ்சியிருந்தோர்க்கு அனுப்பினேன். அதனைச் சிலரே திறந்து பார்த்திருப்பர். ஆயினும் அனுப்பவேண்டியிருந்தது.